மூன்று வாரம் சோற்றை நிறுத்தினால் ரிப்போர்ட் நன்றாக வருமா?

டோக்கியோவிலிருந்து ஒரு வாசகர் எழுதிய நீண்ட கடிதம் இது. ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 41. சொந்த ஊர் கரூர் பக்கம். மென்பொருள் வேலை. ஜப்பானுக்குப் போய் இரண்டரை வருடம் ஆகிறது. இந்தியக் குடும்பங்கள் நிறைய வாழும் நிஷி-கசாய் பகுதியில் மனைவி, இரண்டு குழந்தைகளுடன் இருக்கிறார். அடுத்த மாதம் அலுவலகத்தின் வருடாந்திர உடல் பரிசோதனை. போன வருட ரிப்போர்ட்டில் இடுப்புச் சுற்றளவு 87 செ.மீ., வெறும் வயிற்றுச் சர்க்கரை 108, எச்பிஏ1சி 5.9, கொழுப்பில் டிரைகிளிசரைடு 210, எல்டிஎல் 138, ரத்த அழுத்தம் 134/86. மார்பு எக்ஸ்ரேவுக்கு எதிரே 'டி' என்று போட்டு, கூடவே ஒட்டிய உறை ஒன்றும் வந்திருக்கிறது. அது விசா புதுப்பிக்கும் நேரம். பயத்தில் உறையை அலமாரியில் போட்டுவிட்டார்.

19 வயதில் காசநோய் வந்து ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டு முடித்தவர். அதைப் படிவத்தில் எழுதவில்லை. ஊரிலிருந்து அப்பா ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூரியரில் அனுப்பும் ரத்த அழுத்த மாத்திரையைத் தினமும் சாப்பிடுகிறார். அதையும் எழுதவில்லை. அப்பாவுக்கு 54 வயதில் மாரடைப்பு வந்தது, அம்மாவுக்குச் சர்க்கரை நோய்.

அவர் கேட்பவை இவை. மூன்று வாரம் சோற்றை நிறுத்தி, அந்த வாரம் மட்டும் மாத்திரையையும் நிறுத்திவிட்டுப் போனால் ரிப்போர்ட் சுத்தமாக வருமா? இந்த வருடம் வயிற்று எக்ஸ்ரேவுக்காகப் பேரியம் குடிக்கச் சொல்கிறார்கள், நான் சைவம், குடிக்கலாமா? மலத்தை எடுத்துக்கொண்டு போவது கட்டாயமா? எல்லாவற்றையும் விட்டுவிட்டு டிசம்பர் லீவில் சென்னையில் மாஸ்டர் செக்கப் செய்துகொண்டால் போதாதா? நிறுவனத்துக்கு எவ்வளவு தெரியும், விசாவுக்கு ஆபத்து உண்டா?

கடைசியில், போகிற போக்கில் எழுதியதுபோல ஒரு வரி: "மனைவிக்கு 38 வயது, வேலைக்குப் போகவில்லை, அதனால் செக்கப் கிடையாது. இரண்டாவது குழந்தையின்போது கொஞ்சம் சர்க்கரை இருந்தது, பிறகு சரியாகிவிட்டது. இடுப்பு 84தான், ஜப்பான் அளவுப்படி நார்மல்."

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை மருத்துவராக. இரண்டாவது முறை, ஆய்வு வேலைக்காக இரண்டு வருடம் ஒசாகாவில் இருந்து, புரியாத படிவங்களில் வரிசையாக "இல்லை, இல்லை" என்று குறித்துக் கொடுத்தவளாக. அதனால் உங்களைத் திட்டும் தகுதி எனக்கில்லை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். எண்கள் அழகாக வர வேண்டும் என்று மெனக்கெடுகிறீர்கள். அங்கே உங்களைப் பார்க்கப்போகும் மருத்துவருக்கு அவசியம் தெரிய வேண்டியவை மூன்று: பழைய காசநோய், தினசரி மாத்திரை, அப்பாவின் மாரடைப்பு. மூன்றும் அவருக்குத் தெரியாது. அடுத்த ஒரு மாதத்தில் நீங்கள் தயார் செய்ய வேண்டியது இதைத்தான்.

விசா பயம்

முதலில் இதைத் தீர்த்துவிடுவோம், இல்லாவிட்டால் மற்ற எதுவும் உங்கள் காதில் ஏறாது. வேலை விசா புதுப்பிக்கும்போது குடிவரவு அலுவலகம் கேட்பது உங்கள் வேலை, சம்பளம், வரி பற்றிய காகிதங்களை. அலுவலகச் செக்கப் ரிப்போர்ட் அந்தக் கட்டில் கிடையாது. காசநோய்க்காக, ஜப்பானுக்கு வருமுன்னரே சொந்த நாட்டில் எக்ஸ்ரே எடுத்துக் காட்டும் திட்டம் ஒன்று 2025இல் தொடங்கியது. பிலிப்பைன்ஸ், நேபாளம், வியட்நாம், இந்தோனேசியா, மியான்மர், சீனா ஆகிய ஆறு நாடுகளிலிருந்து நீண்ட காலம் தங்க வருபவர்களுக்கென அறிவிக்கப்பட்டது அது. நீங்களோ ஏற்கெனவே அங்கே வாழ்பவர். நிஷி-கசாயில் யாரோ யாருக்கோ சொன்ன கதையை நம்பித்தான் அந்த உறையை ஒளித்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

நிறுவனத்துக்கு என்ன தெரியும் என்பது நியாயமான கேள்வி. 1972ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி ஊழியர்களுக்கு வருடம் ஒருமுறை பரிசோதனை செய்துவைப்பது முதலாளியின் கடமை. செய்துகொள்வது உங்கள் கடமை. சட்டத்தில் அபராதம் நிறுவனத்துக்குத்தான் என்றாலும், ஊழியர் வராவிட்டால் நிறுவனத்தின் சொந்த விதிகளின்படி நடவடிக்கை வரலாம். சட்டம் பட்டியலிடும் இனங்களின் முடிவு நிறுவனத்துக்குப் போகும், ஐந்து வருடம் வைத்திருப்பார்கள். உயரம், எடை, இடுப்பு, பார்வை, காது, மார்பு எக்ஸ்ரே, ரத்த அழுத்தம், ரத்தசோகை, கல்லீரல், கொழுப்பு, சர்க்கரை, சிறுநீர், ஈசிஜி, அதோடு உங்கள் பழைய நோய் விவரம் ஆகியவை அந்தப் பட்டியல். ஆகவே காசநோய் வந்ததை எழுதினால் அது நிறுவனத்தின் கோப்பில் இருக்கும். அதைக் கையாள்பவர்களுக்கு ரகசியம் காக்கும் கடமை உண்டு. முடிவு மோசமாக இருந்தால் நிறுவனம் மருத்துவரின் கருத்தைக் கேட்டு, தேவைப்பட்டால் ஓவர்டைமைக் குறைப்பது போன்ற ஏற்பாடு செய்ய வேண்டும். சட்டம் இதை வைத்திருப்பது அதற்காகத்தான், ஆளை வெளியே அனுப்புவதற்கு இல்லை. வயிறு, குடல் போன்ற புற்றுநோய்ப் பரிசோதனைகள் அந்தப் பட்டியலில் வராதவை. அவற்றின் முடிவை உங்கள் சம்மதமில்லாமல் நிறுவனத்துக்குக் கொடுக்கக் கூடாது.

அந்த உறை

'டி' என்பது அங்கே பெரும்பாலும் "யோ செய்மிட்ஸு கென்சா" அல்லது "யோ சிர்யோ" என்பதைக் குறிக்கும். முதலாவது விரிவான பரிசோதனை வேண்டும் என்பது, இரண்டாவது சிகிச்சை வேண்டும் என்பது. 'யோ' என்ற ஒற்றை எழுத்துக்குத் "தேவை" என்று பொருள். அந்த எழுத்து எந்த வரியில் இருந்தாலும் உங்களிடம் ஏதோ கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டிய உறையில் அநேகமாக இன்னொரு மருத்துவருக்கு எழுதிய பரிந்துரைக் கடிதம் இருக்கும். திறக்காமல் அப்படியே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியது அது.

என் ஊகம், உங்கள் எக்ஸ்ரேயில் தெரிந்தது 22 வருடப் பழைய வடு. காசநோய் ஆறின நுரையீரலில் மேல்பகுதியில் அப்படி ஒரு தழும்பு ஆயுசுக்கும் நிற்கலாம். நம் ஊர் மருத்துவர் பார்த்ததும் "முன்னாடி டிபி வந்துச்சா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார். ஜப்பானில் 2021இல்தான் காசநோய் லட்சம் பேருக்குப் பத்துக்கும் கீழே இறங்கியது. இளம் வயதில், வெளிநாட்டிலிருந்து வந்தவருக்கு இப்படி ஒரு நிழல் தெரிந்தால், "இது புதுசா?" என்றுதான் அவர்கள் முதலில் யோசிப்பார்கள். யோசிக்கவும் வேண்டும். பழைய வடு என்று நான் சொல்வதும் படத்தைப் பார்க்காமல் சொல்வது. முழுச் சிகிச்சை எடுத்தவருக்கும் அது திரும்ப வரலாம். வீட்டில் இரண்டு குழந்தைகள் இருக்கிறார்கள். ஆகவே அந்த உறையோடு, அடுத்த மாதச் செக்கப்புக்குக் காத்திராமல், இந்த வாரமே சுவாச நோய்ப் பிரிவுள்ள மருத்துவமனைக்குப் போங்கள். மாலைக் காய்ச்சல், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், எடை குறைவது, இதில் ஏதாவது இருந்தால் நாளைக்கே போங்கள்.

போகும்போது அப்பாவிடம் சொல்லி அந்தக் காலத்துச் சிகிச்சை அட்டை, டிஸ்சார்ஜ் காகிதம், பழைய எக்ஸ்ரே, எது கிடைத்தாலும் போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பரணில் சுருட்டி வைத்த ஒரு பழைய எக்ஸ்ரே ஃபிலிம், உங்களை ஒரு சிடி ஸ்கேனிலிருந்தே காப்பாற்றக்கூடும். அன்றைக்கும் இன்றைக்கும் படம் ஒன்றுபோல இருந்தால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்தது. செக்கப் பணம் காப்பீட்டில் வராது என்றாலும், செக்கப்பில் சந்தேகப்பட்டதை விசாரிக்கும் பரிசோதனை வரும். நீங்கள் 30 சதவீதம் கட்டினால் போதும். தப்பித்தவறி நோய் மீண்டும் வந்திருந்தால்கூட, காசநோய்ச் சிகிச்சைச் செலவில் பெரும்பங்கை அங்கே பொது நிதி ஏற்கிறது. ஆங்கிலம் பேசும் மருத்துவமனையைத் தேட டோக்கியோ மாநகர அரசின் 'ஹிமாவாரி' என்ற தகவல் சேவை இருக்கிறது.

சோறு, மாத்திரை, முந்தைய இரவு

மூன்று வாரம் சோற்றை நிறுத்தினால் என்ன ஆகும்? டிரைகிளிசரைடு சில நாட்களிலேயே இறங்கும். இடுப்பு ஓரிரு செ.மீ. குறையலாம். எச்பிஏ1சி கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி என்பதால் அது அவ்வளவு சுலபமாக ஏமாறாது. பட்டினியே கிடந்தால் சிறுநீரில் கீட்டோன் வரும், சிலருக்கு ரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி ஏறும், அதை வைத்துப் புதிதாக, 'டி'க்கு ஒரு படி முந்தைய 'சி' போடுவார்கள். மொத்தத்தில் வருடத்தில் 49 வாரம் சோறு சாப்பிடும் மனிதருடைய ரிப்போர்ட் உங்கள் கையில் இருக்காது. சோற்றைக் குறைப்பது நல்ல யோசனைதான், ஆனால் செக்கப் முடிந்த மறுநாள் தொடங்கி அடுத்த செக்கப் வரை குறையுங்கள்.

மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. மாத்திரை சாப்பிட்டும் 134/86 வருகிறது என்றால், நிறுத்தினால் எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள். அம்லோடிபின் என்று எழுதியிருக்கிறீர்கள். பரிசோதனை நாளன்று காலை எழுந்ததும் ஒரு மடக்குத் தண்ணீரில் வழக்கம்போலச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். படிவத்திலும் எழுதுங்கள். நம் ஊர் பிராண்டு பெயர் அங்கே யாருக்கும் புரியாது, அட்டையின் பின்பக்கம் இருக்கும் மூலப்பெயரையும் மில்லிகிராமையும் எழுதுங்கள். பல பிராண்டுகளில் இரண்டு மருந்து ஒன்றாகச் சேர்ந்திருக்கும், அதையும் பாருங்கள். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: இந்த விதி சர்க்கரை மாத்திரைக்கும் இன்சுலினுக்கும் பொருந்தாது. வெறும் வயிற்றில் அவற்றை எடுத்துக்கொண்டு ரயிலேறினால் வழியிலேயே மயக்கம் வரலாம். எப்போது எடுப்பது என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

கூரியர் விஷயமும் சொல்லிவிடுகிறேன். மருத்துவர் சீட்டு தேவைப்படும் மருந்தைச் சொந்த உபயோகத்துக்கு ஒரு மாத அளவுதான் ஜப்பானுக்குள் தாள் இல்லாமல் வரவழைக்கலாம். அதற்கு மேல் என்றால் 'யுன்யு காகுனின்-ஷோ' என்ற இறக்குமதிச் சான்று வாங்க வேண்டும். ஆறு மாத மாத்திரை இதுவரை தடையில்லாமல் வந்தது உங்கள் அதிர்ஷ்டம். அம்லோடிபின் அங்கே எந்தச் சிறு கிளினிக்கிலும் எழுதிக் கொடுக்கும் சாதாரண மருந்து. அங்கேயே ஒரு மருத்துவரைப் பிடித்துக்கொள்ளுங்கள், அப்பாவுக்கும் அலைச்சல் மிச்சம்.

முந்தைய நாள் செய்ய வேண்டியது அதிகமில்லை. வழக்கமான சாப்பாட்டை இரவு எட்டு, ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள். சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் பத்து மணி நேர இடைவெளி வேண்டும். தண்ணீர் குடிக்கலாம், பேரியம் இருந்தால் மட்டும் அவர்கள் தாளில் சொன்ன நேரத்தோடு நிறுத்துங்கள். காலையில் காபி கூடாது, பாலும் சர்க்கரையும் இல்லாத கடுங்காபியும் கூடாது. முந்தைய இரண்டு மூன்று நாட்கள் மது வேண்டாம். அலுவலக 'நோமிகாய்' விருந்து அந்த வாரம் வந்தால் ஊலாங் டீயோடு உட்காருங்கள். திடீர் ஞானோதயம் வந்து முந்தைய நாள் பத்து கிலோமீட்டர் ஓடவும் வேண்டாம். தசையிலிருந்து நொதிகள் வெளிவந்து கல்லீரல் அளவு ஏறியதுபோலக் காட்டும், சிறுநீரில் புரதமும் தெரியலாம். வைட்டமின் சி மாத்திரையை இரண்டு நாள் நிறுத்துங்கள், சிறுநீர்ப் பட்டையில் சர்க்கரையையும் ரத்தத்தையும் அது மறைத்துவிடும்.

இடுப்பில் வெள்ளி அரைஞாண் இருந்தால் அன்றைக்குக் கழற்றி வைத்துவிடுங்கள். பேரியப் படத்தில் அது குறுக்கே விழும், அதை ஜப்பானிய மொழியில் விளக்க வேண்டிய சங்கடம் உங்களுக்கு வேண்டாம். கண் பரிசோதனையில் ஒரு பக்கம் வாய் திறந்த வளையத்தைக் காட்டி எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று கேட்பார்கள். உஏ, ஷிதா, மிகி, ஹிதாரி: மேல், கீழ், வலது, இடது. எக்ஸ்ரே அறையில் 'ஸுத்தே' என்றால் மூச்சை இழு, 'தோமேதே' என்றால் நிறுத்து. இந்த ஆறு சொல் போதும், அன்றைக்குப் பாதிப் பதற்றம் குறையும்.

பேரியமும் மலப் பரிசோதனையும்

பேரியம் ஒரு கனிமம், சைவத்துக்குக் குறைவில்லை. ஆனால் உங்களுக்கு அது தேவையா என்பதுதான் கேள்வி. ஜப்பானில் இரைப்பைப் புற்றுநோய் அதிகம், அதனால் வந்த வழக்கம் இது. சட்டப் பட்டியலில் கிடையாது, வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அவர்களுடைய தேசிய வழிகாட்டுதலே 2016க்குப் பிறகு 50 வயதிலிருந்து இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்கிறது, எக்ஸ்ரேயை மட்டும் 40இலிருந்து செய்யலாம் என்று விட்டுவைத்திருக்கிறார்கள். அந்தப் புற்றுநோய்க்குக் காரணமாகும் ஹெலிகோபாக்டர் என்ற வயிற்றுக் கிருமி நம் ஊரில் ஏராளம், ஆனாலும் இரைப்பைப் புற்றுநோய் அந்த அளவுக்கு இல்லை. வயிற்றுத் தொந்தரவோ, குடும்பத்தில் அந்த நோயோ இல்லாத 41 வயதுத் தமிழர் என் சொந்தத் தம்பியாக இருந்தால், பேரியத்தை விட்டுவிட்டு, விருப்பமிருந்தால் ஒருமுறை எண்டோஸ்கோப்பியும் ஹெலிகோபாக்டர் பரிசோதனையும் செய்துகொள் என்பேன்.

குடிப்பதென்றே முடிவு செய்தால், முதலில் வாயு கிளப்பும் பொடி தருவார்கள், ஏப்பம் விடக் கூடாது. பிறகு கெட்டியான வெள்ளைத் திரவம். மேசை சாயும், உருளச் சொல்வார்கள். முடிந்ததும் தரும் மலமிளக்கியை அப்போதே நிறையத் தண்ணீரோடு விழுங்குங்கள். நான் வீட்டுக்குப் போய் விழுங்கலாம் என்று பையில் போட்டு மறந்துவிட்டு, மூன்று நாள் பட்ட பாட்டை இங்கே எழுத முடியாது. அடிக்கடி மலச்சிக்கல் உள்ளவர்கள், குடல் அடைப்பு வந்தவர்கள், கர்ப்பமாக இருக்கக்கூடியவர்கள் பேரியம் குடிக்கக் கூடாது.

குடல் புற்றுநோய்க்காக, மலத்தில் ரத்தம் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனையும் சட்டப்படி கட்டாயமில்லை. ஆனால் இதைச் செய்யுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை. தண்ணீரில் மிதக்கும் தாள் ஒன்று தருவார்கள், குச்சியால் மேற்பரப்பை அங்கங்கே தேய்த்துக் குழாயில் போட்டு மூடினால் வேலை முடிந்தது. இரண்டு வெவ்வேறு நாளில் எடுக்க வேண்டும், குளிர்ச்சியான இடத்தில் வைக்க வேண்டும். மனித ரத்தத்தை மட்டும் அடையாளம் காணும் முறை என்பதால் பீட்ரூட், கீரை என்று எதையும் நிறுத்த வேண்டாம். இரண்டில் ஒன்று பாசிட்டிவ் வந்தாலும் அடுத்த படி பெருங்குடல் எண்டோஸ்கோப்பிதான். "எனக்கு மூலம் இருக்கிறது, அதுவாகத்தான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டு மறுபடி மலத்தையே கொடுத்து, அது நெகட்டிவ் வந்ததும் நிம்மதியாகப் போன சிலரை நான் இரண்டு வருடம் கழித்துப் பார்த்திருக்கிறேன்.

சென்னை மாஸ்டர் செக்கப்

வேறொரு மருத்துவரிடம் பரிசோதித்து முடிவைக் கொடுப்பதற்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. ஆனால் பட்டியலில் உள்ள அத்தனை இனமும் அதில் இருக்க வேண்டும். நம் ஊர் பேக்கேஜ்களில் காது கேட்கும் அளவு, இடுப்புச் சுற்றளவு போன்றவை பல சமயம் இருக்காது. நிறுவனச் செலவில் வீட்டுப் பக்கத்தில் நடப்பதை விட்டுவிட்டு, லீவில் அம்மா கையால் பத்து நாள் பொங்கலும் வடையும் சாப்பிட்ட பிறகு கொழுப்புப் பார்ப்பதில் என்ன லாபம்? வருடா வருடம் ஒரே இடத்தில், ஒரே விதமாகப் பார்த்தால்தான் எண்கள் எந்தப் பக்கம் போகின்றன என்று தெரியும்.

ஜப்பான் செக்கப்பில் இல்லாத இரண்டை மட்டும் சென்னையில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, சைவர் என்பதால் வைட்டமின் பி12. இரண்டு, மாரடைப்பு அபாயத்தைக் காட்டும், பரம்பரையாக வரும் லிப்போபுரோட்டீன் 'ஏ' என்ற கொழுப்பு, வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும். அப்பாவுக்கு 55 வயதுக்கு முன்னால் மாரடைப்பு என்பதை நாங்கள் தனிக் கணக்கில் வைப்போம். அதையும் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரை எல்லையையும் சேர்த்துப் பார்த்தால், 140க்குக் கீழே என்று உங்களை நிம்மதிப்படுத்திய எல்டிஎல் 138 எனக்கு நிம்மதி தரவில்லை. கொழுப்பு மாத்திரை தேவையா என்று மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள். சர்க்கரை 108, 5.9 இரண்டும் நோய்க்கு முந்தைய நிலை. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் பரிசோதனையையும் கேளுங்கள்.

புற்றுநோய்க் குறியீடுகள், முழு உடல் ஸ்கேன் என்று இரண்டு நாட்டிலும் விற்கிறார்கள். ஜப்பானின் 'நிங்கென் டாக்' என்ற முழு உடல் பரிசோதனை 1954இலிருந்து இருக்கிறது. கப்பலைத் துறைமுகத்தில் ஏற்றிப் பழுது பார்ப்பதுபோல மனிதனைப் பார்ப்பது என்று பெயரிலேயே சொல்லிவிட்டார்கள். தொந்தரவே இல்லாதவரிடம் தேடத் தேட ஏதாவது கிடைக்கும். தென்கொரியாவில் தைராய்டு ஸ்கேன் பரவியபின் அந்தப் புற்றுநோய்க் கண்டுபிடிப்பு 1993 முதல் 2011க்குள் சுமார் 15 மடங்கு ஆனது, சாவு எண்ணிக்கை மாறவில்லை. உங்களுக்கு இப்போது அது வேண்டாம்.

உங்கள் மனைவி

இரண்டாவது வாசிப்பில் என் பேனா நின்றது அந்தக் கடைசி வரியில்தான். கர்ப்ப காலச் சர்க்கரை "சரியாகிவிட்டது" என்று எல்லோரும் சொல்கிறார்கள், மகப்பேறு வார்டிலிருந்து அனுப்பும்போது நாங்களும் அப்படித்தான் சொல்லி அனுப்புகிறோம், தப்பு எங்கள் மேலும் இருக்கிறது. பிரசவத்துக்குப் பிறகு இறங்கும், உண்மைதான். ஆனால் அப்படி வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் நிரந்தரச் சர்க்கரை வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு. ஒன்று முதல் மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஆயுள் முழுக்கப் பார்க்க வேண்டும். கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கடிதத்தில் இல்லை. பார்க்கவே இல்லை என்றுதான் தோன்றுகிறது.

இடுப்பு 84 நார்மல் என்பதும் தப்பு. ஜப்பானில் ஆணுக்கு 85, பெண்ணுக்கு 90 என்று 2008இல் தொடங்கிய, வயிற்றுப் பருமனைப் பார்க்கும் 'மெட்டபோ' பரிசோதனையில் வைத்திருக்கிறார்கள். உலகிலேயே பெண்ணுக்கு ஆணைவிட அதிகமாக எல்லை வைத்திருப்பது அநேகமாக அவர்கள் மட்டும்தான், அதற்கு அவர்கள் அளக்கும் முறை சார்ந்த காரணம் உண்டு. தெற்காசியர்களுக்கு நாங்கள் பார்ப்பது ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80. ஜப்பான் அளவில் நீங்கள் தோற்று அவர் ஜெயிக்கிறார். நம் உடம்பின் கணக்கில் நீங்கள் எல்லைக்குள், அவர் வெளியே. செக்கப் வசதி உங்களுக்கு, தேவை அவருக்கு.

உங்களைச் சார்ந்து காப்பீட்டில் இருப்பவருக்குப் பரிசோதனை செய்துவைக்கும் கடமை நிறுவனத்துக்கு இல்லை. 40 வயதானால் காப்பீட்டு அமைப்பின் பொதுப் பரிசோதனை வரும், அதற்கு இன்னும் இரண்டு வருடம். அதுவரை காத்திருக்க வேண்டாம். சில காப்பீட்டுச் சங்கங்கள் 40க்குக் கீழுள்ள துணைவருக்கும் செலவில் பங்கு தருகின்றன, மனிதவளத் துறையில் கேளுங்கள். கிடைக்காவிட்டால், கர்ப்ப காலச் சர்க்கரை இருந்தது என்று சொல்லி உள்மருத்துவரிடம் நேரடியாகப் போகலாம். அவருக்கும் 75 கிராம் குளுக்கோஸ் பரிசோதனைதான் நல்லது. இரும்புச் சத்து குறைந்த பெண்களுக்கு எச்பிஏ1சி உண்மையைவிட ஏறிக் காட்டக்கூடும், நம் பெண்களில் எத்தனை பேருக்கு அந்தக் குறை இல்லை? உங்கள் பகுதியின் வார்டு அலுவலகம் 20 வயது தாண்டிய பெண்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கருப்பைவாய்ப் பரிசோதனை நடத்தும், மார்பகத்துக்கு 40 முதல். வீட்டுக்கு வரும் வார்டு உறைகளைக் குப்பையில் போடாதீர்கள். பெண் மருத்துவர் வேண்டும் என்றால் பதியும்போதே 'ஜோசெய் நோ சென்செய்' என்று கேட்கலாம். மாதவிலக்கு நாட்களில் தேதி விழாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். எக்ஸ்ரே இருக்கிற நாளில் தாலிக்கொடியைக் கழற்றச் சொல்வார்கள், மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டு போவதானால் முதல் நாளே மாற்றிக்கொள்ளலாம்.

ரிப்போர்ட் வந்ததும் இரண்டு பேருடையதையும் சேர்த்து அனுப்புங்கள். ஒரே ஒரு வேண்டுகோள், தேதியைப் பார்த்து ஆங்கில வருடத்தில் எழுதி அனுப்புங்கள். அங்கே பேரரசர் ஆண்டில் எழுதுவார்கள், ரெய்வா 7 என்றால் 2025. சமீபத்தில் ஒருவர் அனுப்பியதில் தேதி '07' என்று தொடங்கியிருந்தது. 2007ஆம் ஆண்டு ரிப்போர்ட்டை எதற்கு அனுப்பினீர்கள் என்று அவரைப் போனில் பிடித்துக் கத்தியிருக்கிறேன்.